தரகர் பதில் தராதபோது யாழ்ப்பாணத்தில் முதல் வீடு வாங்குவது: முழுமையான வழிகாட்டி

வீடு பார்த்தாயிற்று, பிடித்தும் விட்டது. "உரிமையாளரோட கதைச்சுப்போட்டு இரவைக்கு எடுக்கிறன் தம்பி" என்று சொல்லிவிட்டுத் தரகர் போனார். அதற்குப் பிறகு பதினொரு நாள் ஒரு சத்தமும் இல்லை. கோண்டாவிலில் நான் முதல் வீடு தேடியபோது நடந்தது இது. பின்னர் உறவுக்காரரும் நண்பர்களுமாகப் பலருக்கு வீடு வாங்க உதவியாகப் போயிருக்கிறேன். எல்லோரும் தடுக்கி விழுந்தது கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான். தரகர் வாய் திறக்கும்வரை எந்த வேலையும் செய்ய முடியாது என்று நினைத்துக் காத்திருந்தார்கள்.

அப்படிக் காத்திருக்கத் தேவையில்லை. வீட்டைப் பற்றிய உண்மைகள் காணிப் பதிவகத்திலும் பிரதேச சபையிலும் காணிப் பத்திரம் எழுதும் நொத்தாரிசிடமும் அயலவரிடமும் இருக்கின்றன. தரகருக்குத் தெரிந்தது உரிமையாளரிடம் போகும் வழி மட்டும். முதல் நாளே அவரிடம் கேட்டு வாங்க வேண்டியவற்றை வாங்கிவிட்டால் மிச்சத்தில் பெரும்பகுதியை நீங்களே செய்யலாம். கீழே உள்ள ஒழுங்கு அதற்காகத்தான். இதை மாற்றிச் செய்தவர்கள் காசையோ மாதங்களையோ இழந்ததைப் பார்த்திருக்கிறேன்.

1. வீடு பார்க்கப் புறப்படும் முன்

முதலில் வங்கிக்குப் போங்கள். உங்கள் சம்பளத்துக்கு எவ்வளவு கடன் கிடைக்கும், அதற்கு என்னென்ன ஆவணம் வேண்டும் என்று கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். காணியின் உரிமைப் பத்திரமான உறுதி, நில அளவைப் படம், அங்கீகரிக்கப்பட்ட கட்டட வரைபடம், வீதிக்கோட்டுச் சான்றிதழ் என்று வங்கி ஒரு பட்டியல் சொல்லும். தரகரிடம் கேட்க வேண்டியதும் அதே பட்டியல்தான்.

இரண்டாவது, உங்களுக்கென்று ஒரு நொத்தாரிசைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். தரகர் "எங்கட ஆள் ஒருத்தர் இருக்கிறார், எல்லாம் செய்து தருவார்" என்பார். அந்த நொத்தாரிசு நல்லவராகவே இருக்கலாம். ஆனால் தரகர் பதில் தராமல் போகும் நாளில் அவரும் உங்களுக்குப் பதில் சொல்லத் தயங்குவார். பணம் கொடுப்பவர் நீங்கள், உறுதியைச் சரிபார்ப்பவரும் உங்கள் ஆளாக இருக்கட்டும்.

மூன்றாவது, முத்திரை வரியைக் கணக்கில் சேருங்கள். பெறுமதியின் முதல் ஒரு இலட்சத்துக்கு 3 சதவீதம், மிகுதிக்கு 4 சதவீதம். ஒரு கோடி ரூபா வீட்டுக்கு 3 இலட்சத்து 99 ஆயிரம் ரூபா வருகிறது. வழக்கமாக இதை வாங்குபவர்தான் கட்டுகிறார். நொத்தாரிசு கட்டணமும் தரகர் கொமிசனும் தனி. கடைசி வாரத்தில் இந்தத் தொகை கண்ணில் பட்டு, நகையை அடகு வைக்க ஓடியவர்களைத் தெரியும்.

இந்த மூன்றும் தயாராக இருந்தால் தரகரிடம், "வங்கியில் கதைத்துவிட்டேன் அண்ணை, நொத்தாரிசும் இருக்கிறார், பேப்பர் சரி என்றால் வாங்குவேன்" என்று சொல்லலாம். ஞாயிற்றுக்கிழமை வீடு பார்த்துவிட்டுக் காணாமல் போகும் ஆட்களால் தரகர்களும் அலுத்துப் போயிருக்கிறார்கள். தயாராக வந்தவரின் அழைப்பை முதலில் எடுப்பார்கள்.

2. முதல் சந்திப்பிலேயே வாங்க வேண்டியவை

வீட்டு வாசலில் நிற்கும்போதே வாங்க வேண்டும். அப்போது தரகருக்கு உங்கள் தேவை இருக்கிறது. பிறகு கேட்டால் "அனுப்புறன்" என்பதோடு நின்றுவிடும்.

காணிப் பெயரைக் கேளுங்கள். எங்கள் ஊர்க் காணி ஒவ்வொன்றுக்கும் உறுதியில் ஒரு பெயர் உண்டு. வீதிப் பெயரும் வீட்டிலக்கமும் மாறும், காணிப் பெயர் தலைமுறை தலைமுறையாக அப்படியே வரும்.

அடுத்தது உறுதியின் படம். இங்கேதான் புதியவர்கள் தவறுகிறார்கள். முதல் பக்கத்தைப் படமெடுத்துக்கொண்டு திருப்தியாகப் போய்விடுகிறார்கள். உங்களுக்குத் தேவையானது, காணியின் விவரமும் நான்கு எல்லைகளும் எழுதிய அட்டவணைப் பகுதியும், உறுதியின் பின்பக்கமும். அந்தப் பின்பக்கத்தில் காணிப் பதிவகத்தின் முத்திரை இருக்கும். முத்திரைக்குள் பேனையால் எழுதிய எழுத்தும் இரண்டு மூன்று இலக்கங்களும் தெரியும். பதிவேட்டின் தொகுதி எது, பக்கம் எது என்று காட்டுகிற குறிப்பு அது. மடிப்பில் மை அழிந்திருக்கும், கைபேசியைச் சாய்த்து வெளிச்சத்தில் இரண்டு முறை எடுங்கள். அந்த இலக்கம் கையில் இருந்தால் தரகர் இல்லாமலே பதிவைத் தேடலாம்.

உறுதி இலக்கம், திகதி, எழுதிய நொத்தாரிசின் பெயர் ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு உறுதியின் இணைப்பிரதியும் காணிப் பதிவகத்துக்குப் போகிறது. ஆகவே மூலப் பிரதியைக் காட்ட யாரும் இழுத்தடித்தாலும் அத்தாட்சிப்படுத்திய பிரதியை அங்கே விண்ணப்பித்து எடுக்க வழி இருக்கிறது.

பரப்பளவை வாய்ச்சொல்லில் நம்பாதீர்கள். 1 பரப்பு என்றால் 18 குழி, அதாவது 10 பேர்ச். 16 பரப்பு ஒரு ஏக்கர். தரகர் "இரண்டு பரப்பு" என்பார், உறுதியில் 1 பரப்பு 14 குழி என்று இருக்கும். அந்த 4 குழி ஏறத்தாழ 600 சதுர அடி. ஒரு சின்ன வீட்டின் நிலமே போய்விடுகிறது.

கடைசியாகக் கொமிசன். எவ்வளவு, யார் கொடுப்பது, எப்போது கொடுப்பது என்பதைப் பேசி, அன்று இரவே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிடுங்கள். "உறுதி முடிந்த அன்று தருகிறேன்" என்ற வரி அதில் கட்டாயம் இருக்கட்டும். கொமிசன் பயம் நீங்கினால் தரகர் உங்களை உரிமையாளரிடமிருந்து மறைத்து வைக்கத் தேவையில்லை.

3. ஏன் பதில் இல்லை என்று கண்டுபிடியுங்கள்

கோபப்படும் முன் காரணத்தைத் தேடுங்கள். காரணத்தைப் பொறுத்து நீங்கள் செய்ய வேண்டியதும் மாறும்.

ஒரு காணிக்கு நாலு தரகர் இருப்பார்கள். உங்களோடு பேசியவர் மூன்றாவது ஆளாக இருக்கலாம், உரிமையாளரை அவர் கண்டதே இருக்காது. "உரிமையாளரோடு கடைசியாக எப்போது கதைத்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். நேரடியாகத் தெரிந்தவர் நாளும் நேரமும் சொல்வார். தெரியாதவர் கதையை மாற்றுவார்.

உரிமையாளர் கனடாவிலோ லண்டனிலோ இருந்தால் பாதி மௌனம் நேர வித்தியாசத்தால் வருவது. கோடை காலத்தில் இங்கே காலை 7 மணி என்றால் ரொறன்ரோவில் முந்திய நாள் இரவு 9.30. வேலை முடிந்து வந்தவரைப் பிடிக்க அதுதான் நல்ல நேரம். லண்டன்காரருக்கு எங்கள் இரவு 10 மணி பொருந்தும்.

ஆடியிலும் மார்கழியிலும் முற்பணம் வாங்க விரும்பாத குடும்பங்கள் இருக்கின்றன. அதைத் தரகர் வெளிப்படையாகச் சொல்லமாட்டார், "கொஞ்சம் பொறுங்கோ" என்பார். நல்லூர்த் திருவிழாவுக்கு உரிமையாளர் ஊருக்கு வருவதாக இருந்தாலும் எல்லாவற்றையும் அதுவரை தள்ளி வைப்பார்கள். அப்படியானால் நீங்கள் அவசரப்படுத்தத் தேவையில்லை. திருவிழா நடக்கும் அந்த 25 நாளுக்கு முன் உங்கள் பக்க வேலையெல்லாம் முடிந்திருந்தால் போதும், ஆள் விமானம் ஏறுவதற்குள் கையெழுத்து வாங்கிவிடலாம்.

மிகவும் கவலைப்பட வேண்டிய காரணம் பேப்பரில் சிக்கல் இருப்பது. இரண்டு உதாரணம் சொல்கிறேன். வீடு மகளுக்கு நன்கொடை உறுதியாக எழுதப்பட்டிருக்கும், ஆனால் தாய்க்குச் சீவிய உருத்து, அதாவது சாகும்வரை அனுபவிக்கும் உரிமை, இருக்கும். தாய் சம்மதிக்காதவரை நீங்கள் வாங்கினாலும் அந்த அம்மா அங்கே இருக்கலாம். இன்னொன்று, பிரிக்கப்படாத பங்கு. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி, அப்படிப்பட்ட பங்கை வெளியாளுக்கு விற்கும் முன் மற்றப் பங்காளிகளுக்கு அறிவித்து முதல் வாய்ப்பைக் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் எழுதிய உறுதியோடு நீங்கள் நீதிமன்றப் படியேற வேண்டி வரலாம்.

4. எப்படி, எத்தனை தடவை தொடர்புகொள்வது

ஒரே நாளில் பதினைந்து தடவை அழைக்காதீர்கள். மோட்டார் சைக்கிளில் ஓடிக்கொண்டிருக்கும் மனிதர், மத்தியானத்தில் எடுக்கமாட்டார். காலை எட்டு மணிக்கு முன் ஒரு தடவை, எடுக்காவிட்டால் மாலையில் ஒரு தடவை. அதோடு ஒரு செய்தி. "என்ன அண்ணை முடிவு?" என்று கேட்டால் பதில் வராது, ஏனென்றால் அவரிடம் முடிவு இல்லை. ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடியதாகக் கேளுங்கள்.

நான் அனுப்பிய செய்தி இப்படி இருந்தது: "அண்ணை, கோண்டாவில் வீடு சம்பந்தமாக. உறுதியின் பின்பக்கப் படம் இன்னும் வரவில்லை. புதன்கிழமைக்குள் அனுப்ப முடியுமா? முடியாது என்றாலும் சொல்லுங்கோ, நான் நேரில் வந்து பார்க்கிறேன்." ஒரு விடயம், ஒரு நாள், ஒரு மாற்று வழி. அவ்வளவு போதும்.

இரண்டு நாள் பொறுங்கள். பதில் இல்லையென்றால் மறுபடி ஒன்று. ஐந்தாம் நாளும் இல்லையென்றால் நேரில் போங்கள். எங்கள் ஊரில் முகத்துக்கு நேரே நிற்பவருக்கு இல்லை என்று சொல்வது கஷ்டம், பதில் வந்துவிடும். போகும்போது சத்தம் போடாதீர்கள். அவரிடம்தான் உரிமையாளரின் இலக்கம் இருக்கிறது.

பேசியதையெல்லாம் அன்றன்றே எழுத்தில் போடுங்கள். "இன்று நீங்கள் சொன்னபடி விலை இவ்வளவு" என்று ஒரு வரி. பிறகு விலை ஏறும்போது அந்த வரி உங்களுக்குத் துணை நிற்கும்.

5. அவர் பேசாத நாட்களில் நீங்கள் செய்யும் வேலை

காத்திருக்கும் நாட்களை வீணாக்க வேண்டாம். இந்த வேலைகளுக்குத் தரகரின் அனுமதி தேவையில்லை.

காணிப் பதிவகத்திலிருந்து தொடங்குங்கள். பின்பக்க இலக்கத்தோடு யாழ்ப்பாணக் காணிப் பதிவகத்தில் தேடலுக்கு விண்ணப்பிக்கலாம். நொத்தாரிசு செய்தால் இன்னும் நல்லது, குறைந்தது 30 வருடப் பதிவைப் பார்க்கச் சொல்லுங்கள். கடனுக்கு ஈடு வைத்திருக்கிறதா, காசு வாங்கி ஒற்றிக்குக் கொடுத்திருக்கிறதா, வழக்கு ஏதும் பதிவாகி இருக்கிறதா, உங்களுக்குத் தெரியாமல் வேறொருவருக்கு எழுதியாயிற்றா என்பது அங்கே தெரியும். இதை முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம், இங்கே சிக்கல் தெரிந்தால் மற்ற எந்தச் செலவையும் செய்யத் தேவையில்லை. அளவையாளரை முதலில் கூப்பிட்டுப் பணம் கட்டிவிட்டு, பிறகு பதிவில் ஈடு இருப்பதைக் கண்டு கைவிட்டவர்கள் உண்டு.

அப்புறம் பிரதேச சபை. கோண்டாவில், கொக்குவில், திருநெல்வேலி என்றால் நல்லூர் பிரதேச சபை. சுன்னாகம், இணுவில் என்றால் வலிகாமம் தெற்கு. கோப்பாய், உரும்பிராய் என்றால் வலிகாமம் கிழக்கு. நகருக்குள் மாநகர சபை. சபைக்குக் கட்டும் வீட்டு வரியான சோலைவரி யார் பெயரில் இருக்கிறது, நிலுவை எவ்வளவு, கட்டட வரைபடம் அங்கீகரிக்கப்பட்டதா, வீதிக்கோடு வீட்டை வெட்டுகிறதா என்று விசாரியுங்கள். வீதி அகலிக்கும் எல்லைக்குள் முன் விறாந்தை இருந்தால் பிறகு மதில் கட்டவும் அனுமதி கிடைக்காது.

கிராம சேவையாளரைச் சந்தியுங்கள். விதானையார் என்று நாங்கள் சொல்லும் அவருக்கு அந்த வளவின் கதை தெரியும். உரிமையாளர் உயிரோடு இருக்கிறாரா, பிள்ளைகள் எங்கே, வீட்டில் இப்போது இருப்பவர் வாடகைக்கா சும்மாவா என்பதை நிதானமாகக் கேளுங்கள். சும்மா இருப்பவர் என்றால் கவனம். பத்து வருடம் தடையில்லாமல் தன் காணி போல ஆண்டவர் உரிமை கோர 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டம் இடம் தருகிறது. வீடு வெறுமையாகக் கைக்கு வந்த பிறகுதான் முழுப் பணம்.

அயலவரிடம் மூன்று விடயம் கேட்க வேண்டும்: ஒழுங்கை, கிணறு, வெள்ளம். ஒழுங்கை பொதுவா, யாரோ ஒருவரின் காணிக்குள்ளால் போகிறதா? உறுதியில் வழி வாய்க்கால் உரிமை எழுதியிருக்கிறதா? கிணறு பொதுக் கிணறு என்றால் உங்களுக்கு எத்தனை பங்கு? நாங்கள் பார்த்த ஒரு வீட்டில் கிணறு மதிலுக்கு நடுவில் இருந்தது. பாதி வட்டம் இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். தரகர் "சொந்தக் கிணறு" என்றுதான் சொல்லியிருந்தார். உறுதியில் மூன்றில் ஒரு பங்கு என்று இருந்தது. பக்கத்து வீட்டு அம்மா துலாக்காலைக் காட்டி, முறை வைத்து இறைத்த கதையைச் சொன்னபோதுதான் எங்களுக்கு விளங்கியது.

தண்ணீரை ஆவணியில் குடித்துப் பாருங்கள். எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல், மழைநீர்தான் கீழே தேங்கி நிற்கிறது. ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பிறகு எல்லாக் கிணறும் இனிக்கும். வெயில் காலத்தில்தான் உவர் தெரியும்.

6. உரிமையாளரை அடைவது

இரண்டு வாரமாகியும் தரகர் பேசவில்லை, பதிவும் சுத்தமாக இருக்கிறது. இப்போது உரிமையாளரைத் தேடுவதில் தவறில்லை. பதிவில் பெயர் இருக்கிறது. விதானையாருக்கு உறவினரைத் தெரியும். அயலவரிடம் பெரும்பாலும் வைபர் இலக்கமே இருக்கும்.

தேடும் முன் தரகருக்கு ஒரு செய்தி போடுங்கள்: "அண்ணை, உங்களைப் பிடிக்க முடியவில்லை. நாளை உரிமையாளரோடு நேரில் கதைக்கிறேன். நீங்கள் காட்டிய வீடு, பேசிய கொமிசன் உங்களுக்குத்தான்." இதை எழுதியபின் பல தரகர்கள் அன்று மாலையே அழைத்துவிடுகிறார்கள். அழைக்காவிட்டாலும் உங்கள் நேர்மைக்குச் சாட்சி இருக்கிறது. வீட்டைக் காட்டிய மனிதரை ஒதுக்கிவிட்டுக் கொமிசனை மிச்சம் பிடிப்பதை நான் ஏற்கமாட்டேன். அதுவும் உழைப்புத்தான்.

உரிமையாளரோடு பேசும்போது முதல் கேள்வி விலை பற்றியதாக இருக்க வேண்டாம். "விற்பதற்கு நீங்கள் மட்டும் கையெழுத்து வைத்தால் போதுமா, வேறு யாரும் வைக்க வேண்டுமா?" என்று கேளுங்கள். தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் காணியை விற்கக் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் தனக்காகக் கையெழுத்து வைக்க இன்னொருவருக்கு அற்றோணித் தத்துவம் கொடுத்திருந்தால் அதன் பிரதியை வாங்கி, முறையாகப் பதியப்பட்டதா, விற்கும் அதிகாரம் அதில் எழுதியிருக்கிறதா என்று நொத்தாரிசிடம் காட்டுங்கள். கொடுத்தவர் இறந்துவிட்டால் அந்தத் தத்துவம் செல்லாது. ஆகவே அவரோடு ஒரு தடவையாவது வீடியோவில் முகம் பார்த்துப் பேசுங்கள்.

7. முற்பணம்

இந்தப் படியில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். நாள் கணக்காகக் காணாமல் போன தரகர் திடீரென்று வருவார். "இன்னொரு பார்ட்டி வந்திட்டுது, இண்டைக்கே ஐந்து இலட்சம் தந்தால் உங்களுக்குப் பிடிச்சு வைக்கிறன்" என்பார். பயத்தில் கொடுத்துவிடுவோம்.

கொடுக்காதீர்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புச் சட்டத்தின்படி, காணி விற்பனையும் விற்பதற்கான உடன்படிக்கையும் எழுத்தில், நொத்தாரிசினதும் இரண்டு சாட்சிகளினதும் முன்னிலையில் செய்யப்பட்டால்தான் செல்லும். வெள்ளைத் தாளில் முத்திரை ஒட்டி எழுதிய பற்றுச்சீட்டைக் காட்டி "வீட்டை எனக்கு எழுது" என்று கேட்க முடியாது.

ஆகவே நொத்தாரிசு மூலம் விற்பனை உடன்படிக்கை. அதில் விலை, முற்பணம், உறுதி முடிக்கும் கடைசி நாள், உரிமையாளர் பின்வாங்கினால் என்ன, நீங்கள் பின்வாங்கினால் என்ன, வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் முற்பணம் திரும்புமா என்பதெல்லாம் இருக்கட்டும். கடைசி விடயத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உடன்படிக்கையையும் காணிப் பதிவகத்தில் பதியச் சொல்லுங்கள், அடுத்து வருபவர் தேடும்போது அது கண்ணில் படும். பணம் உரிமையாளரின் வங்கிக் கணக்குக்கு நேரே போகட்டும். தரகரின் கையில் ஒரு ரூபாவும் வேண்டாம்.

8. எப்போது விலகுவது

பின்பக்கப் படத்தைத் தர மூன்று தடவை மறுத்தால் விலகுங்கள். எழுத்தில் போட்ட பிறகும் விலை இரண்டு தடவை ஏறினால் விலகுங்கள். நொத்தாரிசு "பொறுங்கோ" என்றால் பொறுங்கள், "வேண்டாம்" என்றால் வேண்டாம். வீட்டு முற்றத்து மாமரத்தில் மனது போய்விட்டது என்று ஒரு தம்பதி விடாப்பிடியாக நின்றார்கள். எட்டு மாதம் போயிற்று, வீடு கிடைக்கவில்லை. அந்த எட்டு மாதத்தில் நல்ல பேப்பரோடு இரண்டு வீடு அவர்கள் கையைவிட்டுப் போயின. ஒரு தரகரை மட்டும் நம்பி மற்ற வீடுகளைப் பார்க்காமல் இருந்தது அவர்கள் செய்த பிழை. உடன்படிக்கை எழுதும்வரை தொடர்ந்து பாருங்கள்.

ஏற்கெனவே தரகரிடம் பணம் கொடுத்து மாட்டிக்கொண்டிருந்தால், முதலில் திகதி குறிப்பிட்டு எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். பிறகு சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதம். தொகை சிறியது என்றால் மத்தியஸ்த சபை, ஏமாற்றுவதற்காகவே வாங்கியது தெரிந்தால் பொலிஸ் முறைப்பாடு. வங்கிப் பற்றுச்சீட்டும் வாட்ஸ்அப் உரையாடலும் அப்போது வேண்டும், எதையும் அழிக்காதீர்கள்.

9. உறுதி முடிக்கும் நாளும் அதன் பிறகும்

கையெழுத்துக்கு முதல் நாள் நொத்தாரிசை மறுபடி ஒரு தடவை பதிவைப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் தேடலுக்கும் இன்றைக்கும் இடையில் மாதங்கள் போயிருக்கும். அளவையாளர் எல்லைக்கல் காட்டியபின், அளவைப் படத்தில் உள்ள குழிக் கணக்கும் உறுதியில் எழுதப்போகும் கணக்கும் ஒன்றா என்று நீங்களே வாசித்துப் பாருங்கள்.

பெறுமதியைக் குறைத்து எழுதினால் முத்திரை வரி மிச்சம் என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். குறைவரியை உங்களிடம்தான் கேட்பார்கள், பிறகு ஏதும் பிரச்சினை வந்தால் நீங்கள் கொடுத்த முழுத் தொகையையும் நிரூபிக்க முடியாமல் போகும்.

கையெழுத்தானதும் உறுதியை விரைவாகப் பதியச் செய்யுங்கள். பதியாத உறுதியைவிட, பின்னால் எழுதப்பட்டாலும் முதலில் பதியப்பட்ட உறுதி வலுப்பெற இடமுண்டு. அன்றே திறப்பை வாங்கி, மின்சாரக் கட்டண நிலுவையைப் பார்த்து, தரகரைக் கூப்பிட்டுப் பேசிய கொமிசனைக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். பதிந்த உறுதி கைக்கு வந்த வாரமே அதன் பிரதியோடு சபைக்குப் போய்ச் சோலைவரியை உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். பின்பக்கத்தில் இப்போது உங்கள் உறுதிக்குரிய இலக்கங்கள் இருக்கும். அதைத் தெளிவாகப் படமெடுத்து, வீட்டில் இன்னொருவருடைய கைபேசியிலும் சேமித்து வையுங்கள்.